மரணமும் கன்னியும்: எந்தப் பதிவைக் கேட்பது?

ஆஸ்திரிய இசையமைப்பாளர் ஷூபர்ட்டின் டி மைனர் குவார்டெட்டை, ‘மரணமும் கன்னியும்’ என்ற பெயரில் உலகம் அறிந்த படைப்பை, ஸ்ட்ரீமிங் செயலியில் தேடிப் பாருங்கள். 1930களில் பதிவானது முதல் அண்மையில் வந்தது வரை பட்டியல் தள்ளத் தள்ள நீண்டுகொண்டே போகும். எல்லாவற்றிலும் அதே நான்கு கருவிகள்: இரண்டு வயலின், வயலினைவிடச் சற்றே பெரிய ஒரு வயோலா, கீழ்த்தொனிக்கு ஒரு செல்லோ. எல்லாவற்றிலும் அதே ஸ்வரங்கள். எதைத் தட்டினால் என்ன என்று தோன்றுவது இயல்பு. ஆனால் முதன்முதலாகக் கேட்பவருக்குத்தான் இந்தத் தேர்வு மிக முக்கியம். பொருந்தாத பதிவில் மாட்டிக்கொண்டு, பத்து நிமிடத்திலேயே ‘இது நமக்கு ஏறாது’ என்று ஒதுக்கிவைத்தவர்கள் நிறையப் பேர்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதல் பதிவாக ஆவேசமானதை எடுக்காதீர்கள்; அழகானதையும் எடுக்காதீர்கள். நான்கு பேரும் தனித்தனியாகக் காதில் விழுகிற பதிவை எடுங்கள். ஆவேசமும் அழகும் பிறகு தானாக வந்து சேரும். ஒரு குரலையோ ஒரு வயலினையோ பின்தொடர்ந்தே பழகிய நமக்கு, நான்கு குரல்கள் ஒரே நேரத்தில் வெவ்வேறு வேலை பார்ப்பதைப் பின்தொடர்வதுதான் சிரமம். அந்தச் சிரமத்தைக் குறைக்கிற வாசிப்பே தொடக்கத்துக்கு ஏற்றது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் ரொமான்டிக் காலக் குவார்டெட்டுகள் பல இருக்க, இதை ஏன் எடுத்தேன் என்று கேட்கலாம். எளிதாகக் காதில் ஏறுவது ட்வோர்ஷாக்கின் ‘அமெரிக்கன்’, மறுக்கவில்லை. மெட்டுக்காக மட்டும் என்றால் போரோடினின் இரண்டாவது குவார்டெட் போதும். ஆனால் ஹைடன், மொத்ஸார்ட் காலத்தில் நான்கு நண்பர்களின் நாகரிகமான உரையாடலாக இருந்த வடிவம், எந்த இடத்தில் ஒரு மனிதனின் சொந்தக் கதையைச் சுமக்கத் தொடங்கியது என்பதை ஷூபர்ட்டில் நேராகக் கேட்கலாம். இதற்குப் பின் வந்த மெண்டல்சன் தன் தமக்கையின் சாவையும், ஸ்மெத்தனா தன் செவிட்டையும் நான்கு கருவிகளில் எழுதினார்கள். இந்தப் படைப்புக்குப் பதிவுகளும் ஏராளம் என்பதால் ஒப்பிட வசதி.

பின்னணி சுருக்கமாக. 1824 மார்ச் மாதம் ஷூபர்ட் இதை எழுதினார். அப்போது அவருக்கு வயது 27. பால்வினை நோய் முற்றியிருந்தது. அந்த மாதக் கடைசியில் ஓவிய நண்பர் குப்பல்வீஸருக்கு எழுதிய கடிதத்தில், உலகத்திலேயே தன்னைப்போல் துயரப்பட்டவன் இல்லை என்றும், இழந்த உடல்நலம் இனித் திரும்பாது என்றும் எழுதுகிறார். அதே கடிதத்திலேயே குவார்டெட்டுகள் எழுதிக்கொண்டிருப்பதையும், அவற்றின் வழியாகப் பெரிய சிம்பொனிக்குப் பாதை போடப் போவதையும் சொல்கிறார். புலம்பலும் வேலைத் திட்டமும் ஒரே தாளில். 1826 பிப்ரவரியில் வியன்னாவில் ஒரு வீட்டில் இது முதன்முதலாக வாசிக்கப்பட்டது. அச்சில் வந்தது 1831இல். ஷூபர்ட் இறந்து அப்போது இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது.

பெயர் வந்த வழியைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். எந்தப் பதிவு நல்லது என்ற கேள்விக்குப் பாதி விடை அதில் இருக்கிறது. 1817இல் மாத்தியாஸ் கிளாடியுஸின் சிறு கவிதை ஒன்றுக்கு ஷூபர்ட் இசையமைத்திருந்தார். அதில் கன்னி, ‘நான் இன்னும் இளையவள், என்னைத் தொடாதே, போய்விடு’ என்று கெஞ்சுகிறாள். மரணம், ‘கையைக் கொடு, நான் நண்பன், தண்டிக்க வரவில்லை, என் கைகளில் நிம்மதியாக உறங்குவாய்’ என்கிறது. குவார்டெட்டின் இரண்டாம் பகுதிக்கு ஷூபர்ட் எடுத்துக்கொண்டது கன்னியின் பதற்றத்தை அல்ல. மரணம் பேசும் அந்த நிதானமான இசையை. ஒரு நெடில், இரண்டு குறில் என்று நடக்கும் அந்தத் தாளத்தில் மிரட்டல் துளியும் இல்லை. ஆகவே இந்தப் பகுதியைத் தொடக்கத்திலேயே இருட்டாக, பயமுறுத்தும் தொனியில் வாசிக்கிற குழு, பாட்டை விட்டுவிட்டுத் தலைப்பை மட்டும் வாசிக்கிறது.

உரைத்துப் பார்க்க மூன்று இடங்கள்

ஒரு பதிவை முழுவதும் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும் என்பதில்லை. மூன்று இடங்களைக் கேட்டால் குழுவின் குணம் தெரிந்துவிடும்.

முதல் இடம், எடுத்த எடுப்பில் வரும் அரை நிமிடம். நான்கு பேரும் முழு பலத்தோடு ஒரு ஸ்வரத்தில் விழுகிறார்கள். உடனே மும்மூன்றாக வரும் சிறு கொத்து. மறுபடியும் அதே. அது முடிந்த கையோடு இசை சட்டென்று தணிந்து, ஏறக்குறைய மூச்சுக்காற்றின் அளவுக்கு இறங்கி, ஒரு கேள்வியில் போய் நிற்கிறது. அடியைப் பலமாகப் போடுவது எல்லாக் குழுக்களுக்கும் வரும். அதற்கு அடுத்த தணிவைக் கவனியுங்கள். பல குழுக்கள் அதைச் சும்மா சத்தம் குறைந்த இடமாகக் கடந்துவிடுகின்றன. நல்ல குழுவில் அந்த இடத்தில் ஆளே மாறிவிட்டதுபோல் இருக்கும். அந்த மூன்று ஸ்வரக் கொத்து முதல் பகுதி முழுவதும், சில சமயம் வயோலாவில், சில சமயம் செல்லோவில், ஒளிந்துகொண்டே வரும். அது கேட்கிறதா என்பதையும் பாருங்கள்.

இரண்டாவது இடம்தான் எனக்கு முக்கியமானது: இரண்டாம் பகுதியின் மெட்டும், அதைத் தொடரும் ஐந்து வேரியேஷன்களும், அதாவது அதே மெட்டின் ஐந்து உருமாற்றங்களும். முதல் வேரியேஷனில் இரண்டாம் வயலினும் வயோலாவும் துடித்துக்கொண்டிருக்க, செல்லோக்காரர் வில்லை விட்டுவிட்டு விரலால் மீட்ட, முதல் வயலின் மேலே உடைந்த பேச்சாக ஏதோ சொல்லிக்கொண்டு போகிறது. இரண்டாவதில் செல்லோ மெட்டைத் தன் கையில் எடுத்து, தன் வழக்கமான இடத்தைவிட உயரத்தில் நின்று பாடுகிறது. மூன்றாவது குதிரைப் பாய்ச்சல். நான்காவது, சோகம் தோய்ந்த மைனர் ஸ்வர அமைப்பை விட்டு வெளிச்சமான மேஜருக்கு மாறி முகம் தெளிகிறது. ஐந்தாவது மெல்லத் தொடங்கி, அடுக்கடுக்காக ஏறி, ஒரு உச்சத்தில் வெடித்துவிட்டு, பின் அடங்கி அடங்கி மேஜரில் முடிகிறது. இங்கே வேகம் ஒரு பெரிய வழக்கு. ஷூபர்ட் எழுதியது ‘ஆந்தாந்தே கோன் மோத்தோ’; நடையாக, ஓட்டம் உள்ளதாக இருக்க வேண்டும். பாதிப் பதிவுகள் இதை இழவு வீட்டு நடையாக்கிவிடுகின்றன.

மூன்றாவது, கடைசிப் பகுதியின் கடைசி ஒரு நிமிடம். பகுதி முழுவதும் தரந்தெல்லா என்ற இத்தாலிய ஆட்டத்தின் தாளத்தில் பறக்கிறது. முடிவில் ‘பிரெஸ்திஸ்ஸிமோ’ என்று இன்னும் வேகம் கூட்டச் சொல்கிறார் ஷூபர்ட். ஒரு கணம் மேஜருக்குத் தாவி வெற்றி கிட்டியதாகக் காட்டி, உடனே மைனரில் தள்ளி மூடுகிறார். தொடக்கத்திலேயே கையிருப்பு வேகத்தைச் செலவழித்துவிட்ட குழுவுக்கு இங்கே கூட்ட ஒன்றும் மிஞ்சுவதில்லை. மேடையில் அது கைதட்டல் வாங்கும்; பதிவில் இரண்டாம் முறை கேட்கும்போதே வெளிறிவிடும்.

இன்னொரு சின்னக் கணக்கும் உண்டு. முதல் பகுதியின் நீளத்தைப் பாருங்கள். பதினைந்து, பதினாறு நிமிடம் என்று போட்டிருந்தால் ஷூபர்ட் கேட்டபடி முதல் பாதியைத் திரும்ப வாசித்திருக்கிறார்கள். பதினொன்று, பன்னிரண்டு என்றால் அதை விட்டுவிட்டார்கள். பண்டிதர்கள் இதற்காகச் சண்டை போடுவார்கள். புதிதாகக் கேட்பவருக்குத் திரும்ப வாசிப்பது நல்லது என்பேன். மெட்டுகள் மனத்தில் பதிய இன்னொரு வாய்ப்பு கிடைக்கிறது. அதற்காக ஒரு நல்ல பதிவைத் தள்ளிவிட வேண்டியதில்லை.

பழையவர்கள்

புஷ் குவார்டெட்டின் 1936ஆம் ஆண்டுப் பதிவு லண்டனில் ஹெச்.எம்.வி.க்காக எடுக்கப்பட்டது. முதல் வயலின் அடால்ஃப் புஷ். செல்லோ அவர் தம்பி ஹெர்மன். அடால்ஃப் ஜெர்மானியர், யூதர் அல்லர். இருந்தும் 1933இல் நாஜிகள் யூதர்களுக்கு எதிராகக் கிளம்பியவுடன் ஜெர்மனியில் வாசிப்பதையே நிறுத்திக்கொண்டவர். 78 சுற்று இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் நாலரை நிமிடத்துக்கு மேல் பிடிக்காது. ஆகவே நாலரை நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தி, அடுத்த தட்டில் அதே உக்கிரத்தில் மீண்டும் தொடங்கியிருக்கிறார்கள். இன்று அந்தப் பக்கங்களை ஒட்டிக் கேட்கும்போது தையல் தெரிவதில்லை. அதுவே ஒரு அதிசயம்.

இரண்டாம் பகுதியை இவர்கள் வாசிப்பதுபோல் வேறு யாரும் வாசித்து நான் கேட்டதில்லை. மெட்டு உண்மையிலேயே நடக்கிறது. அழவில்லை, மிரட்டவில்லை, உட்கார்ந்து பேசுகிறது. ஐந்தாம் வேரியேஷனின் ஏற்றம் உடம்பில் ஏறுகிறது. ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்கு விரலை வழுக்கிக்கொண்டு போகும் பழைய பாணி இவர்களுடையது. போருக்குப் பின் வந்த ஐரோப்பிய ரசிகர்கள் இதைப் பழம்பாணி என்று முகம் சுளித்தார்கள். கர்நாடக வயலினில் ஜாருவைக் கேட்டு வளர்ந்த காதுக்கு இதில் சுளிக்க ஒன்றுமில்லை. சொல்லப்போனால், பின்னால் வந்த துடைத்த சுத்தத்தைவிட இதுதான் நமக்கு நெருக்கம்.

அப்படியானால் இதையே முதல் பதிவாகச் சொல்லிவிடலாமே? தடை ஒலிதான். இரைச்சலை இரண்டு நிமிடத்தில் காது மறந்துவிடும், அது பிரச்சினை இல்லை. 1936இன் மைக் உள்குரல்களைப் பிரித்துத் தரவில்லை. இரண்டாம் வயலினும் வயோலாவும் பல இடங்களில் ஒரே மூட்டமாகக் கேட்கின்றன. படைப்பைத் தெரிந்தவர் அந்த மூட்டத்துக்குள் இருப்பதை மனத்தால் நிரப்பிக்கொள்வார். தெரியாதவர் முதல் வயலினை மட்டும் கேட்டுவிட்டுப் போவார். வாங்கும்போது ஒரு எச்சரிக்கை: இந்தப் பதிவுக்குப் பல மறுபதிப்புகள் உள்ளன. இரைச்சலைச் சுத்தமாக வழித்தெடுத்த பதிப்பில் வயலினின் உயிரும் சேர்ந்து போயிருக்கும். கொஞ்சம் சீறல் மிச்சமிருப்பதே நல்ல பதிப்பு.

அமடேயஸ் குவார்டெட்டை விரைவாகக் கடந்துவிடலாம். நாஜி வியன்னாவிலிருந்து தப்பி, பிரிட்டனில் தடுப்பு முகாம்களில் சந்தித்த மூவரும் ஒரு ஆங்கிலேயச் செல்லோக்காரரும் 1947இல் தொடங்கி, ஆள் மாறாமல் நாற்பது ஆண்டு வாசித்த குழு. வரலாறு மனத்தைத் தொடுகிறது. டாய்ச்ச கிராமஃபோனுக்கு அவர்கள் வாசித்த ஸ்டீரியோ பதிவு நெடுநாள் எல்லாப் பரிந்துரைப் பட்டியலிலும் இருந்தது. எனக்கு முதல் வயலின் நார்பர்ட் பிரெய்னின் தந்திமேல் விரலை அசைத்து எழுப்பும் அகன்ற அதிர்வு மற்ற மூவரையும் மூடிவிடுகிறது. பிடித்தவர்களோடு வாதாட மாட்டேன்.

குவார்டெட்டோ இத்தாலியானோ வேறு வகை. முதல் வயலின் போர்ச்சியானியும் இரண்டாம் வயலின் எலிசா பெக்ரெஃபியும் கணவன் மனைவி. இரண்டு வயலினும் ஒரே உடம்பிலிருந்து வருவதுபோல் ஒலிக்க வேறு காரணம் தேட வேண்டியதில்லை. பிலிப்ஸுக்காக இவர்கள் வாசித்த ஷூபர்ட்டில் ஒலியின் அழகு அசாத்தியம். எந்த ஸ்வரமும் முரடாக வருவதில்லை. நிதானம், பெருந்தன்மை, நீண்ட மூச்சு. ஆனால் நான் சொன்ன மூன்றாவது இடத்தில் இவர்கள் தோற்றுவிடுகிறார்கள். கடைசிப் பகுதியில் துரத்தப்படும் உணர்வு இல்லை. இரண்டாம் பகுதியும் நடையைவிடச் சற்று மெதுவாகத்தான் போகிறது. அந்த அழகுக்காக மன்னிக்கலாம். ஷூபர்ட்டின் ‘ரோசாமுண்டே’ என்ற ஏ மைனர் குவார்டெட்டுக்கு இதே குழுவைத்தான் முதலில் சொல்வேன். அந்தப் படைப்பின் குணமே வேறு.

வியன்னாவின் கூர்மை

1980களில் ஆல்பன் பெர்க் குவார்டெட் ஈ.எம்.ஐ.க்காக இதைப் பதிவு செய்தது. அதன் பிறகு வந்த குழுக்கள் எல்லாம் ஏதோ ஒரு வகையில் இதற்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. நால்வரும் ஒரே வில்லால் வாசிப்பதுபோன்ற துல்லியம். மெல்லிய இடம் மிக மெல்லியதாக, உரத்த இடம் கையால் அறைந்ததுபோல். முதல் அரை நிமிடத்தில் இவர்களை வெல்வது கடினம். ‘எது சிறந்தது’ என்று கேட்பவர்களுக்கு இன்றும் பலர் இதையே கையில் கொடுக்கிறார்கள்.

என் தயக்கம் இரண்டு. ஒன்று, இசை ஓய்வெடுப்பதே இல்லை. நான்காம் வேரியேஷனின் வெளிச்சத்தில்கூடத் தாடை இறுகியே இருக்கிறது. மரணம் இங்கே நண்பன் இல்லை, அதிகாரி. இரண்டு, உரத்த இடங்களில் ஒலி கொஞ்சம் கூசுகிறது. மலிவான இயர்ஃபோனில் கேட்டால் பத்து நிமிடத்தில் தலை கனக்கும். படைப்பை நன்கு அறிந்தவருக்கு, ஒரு வாசிப்பு எவ்வளவு தூரம் போக முடியும் என்று பார்ப்பதற்கு, இது கட்டாயம் வேண்டும். புதியவருக்கு இதைக் கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

இந்த நூற்றாண்டு

டகாச் குவார்டெட் 1975இல் புடாபெஸ்டில் நான்கு மாணவர்கள் தொடங்கியது. பிறகு அமெரிக்காவின் கொலராடோவுக்குக் குடிபெயர்ந்தது. 2006இல் ஹைபீரியன் வெளியிட்ட ஷூபர்ட் பதிவின்போது தொடக்க நால்வரில் இரண்டாம் வயலின் ஷ்ரான்ஸும் செல்லோ ஃபெயெரும் இருந்தார்கள். முதல் வயலின் ஆங்கிலேயரான டஸின்பர். வயோலாவுக்கு, சான் பிரான்சிஸ்கோ சிம்பொனியில் பல்லாண்டு முதல் வயோலாவாக இருந்த ஜெரால்டின் வால்தர் புதிதாக வந்து சேர்ந்திருந்தார். அந்தப் புதுவரவு இந்தப் பதிவில் தெளிவாகத் தெரிகிறது. வயோலா ஒளிந்துகொள்ளவில்லை.

முதல் வேரியேஷனை எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான பதிவுகளில் நம் கவனம் மேலே அழுதுகொண்டு போகும் வயலினிலேயே நின்றுவிடும். டகாச்சில் கீழே துடிக்கும் இரண்டு உள்குரல்களும் செல்லோவின் மீட்டலும் தனித்தனி இடத்தில் உட்கார்ந்திருக்கின்றன. விரும்பினால் காதை ஒன்றிலிருந்து மற்றதற்கு மாற்றிக்கொண்டே போகலாம். இரண்டாவதில் செல்லோ மெட்டை எடுத்ததும் மற்ற மூவரும் வழி விடுகிறார்கள், ஆனால் வாயடைத்துப் போவதில்லை. மரணம் இங்கே நண்பன்தான். கடைசிப் பகுதியில் வேகம் இருக்கிறது; பிரெஸ்திஸ்ஸிமோ வரும்போது இன்னும் கொஞ்சம் கையில் வைத்திருக்கிறார்கள். முதல் அரை நிமிடத்தில் ஆல்பன் பெர்க் அளவுக்கு அறை விழவில்லை என்பது உண்மை. புஷ் அளவுக்கு உடம்பில் ஏறவில்லை என்பதும் உண்மை. ஆனால் இந்த இசை எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டிக்கொண்டே, பாடமாக்காமல் இசையாகவும் தருகிற வேறு பதிவை நான் அறியேன்.

செக் நாட்டின் பாவெல் ஹாஸ் குவார்டெட், ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்ட இசையமைப்பாளர் ஒருவரின் பெயரைத் தாங்கிய குழு. 2013இல் சுப்ராஃபோன் வெளியிட்ட இவர்களின் பதிவில், ஷூபர்ட் தன் கடைசி மாதங்களில் ஐந்து கருவிகளுக்காக எழுதிய சி மேஜர் குவின்டெட்டும் சேர்ந்து வருகிறது. அடுத்த ஆண்டு கிராமஃபோன் இதழின் விருதும் கிடைத்தது. நான்கு பேரா, பதினாறு பேரா என்று கேட்கத் தோன்றும் ஒலிப் பெருக்கம். மேடையில் இவர்களைக் கேட்டவர்கள் தலைகால் புரியாமல் புகழ்வதில் வியப்பில்லை. பெரிய ஸ்பீக்கர் வைத்திருப்பவர், இரவில் அக்கம்பக்கத்தாரிடம் சண்டைக்குப் பயப்படாதவர், இதைத் தேர்ந்தெடுக்கலாம். குவின்டெட்டும் வேண்டும் என்று இருப்பவருக்கு இரட்டை லாபம். உள்குரல்கள் டகாச் அளவுக்குப் பிரிந்து நிற்பதில்லை, திரண்டு வருகின்றன. அவர்கள் விரும்பியதும் அதுதான்.

கியாரோஸ்குரோ குவார்டெட்டின் 2018ஆம் ஆண்டுப் பதிவு வேறு பாதை. அலினா இப்ராகிமோவா முதல் வயலின். உலோகத் தந்திகளுக்குப் பதில், ஷூபர்ட் காலத்தில் எல்லோரும் பயன்படுத்திய குடல் நரம்புத் தந்திகள். அந்தக் காலத்து வில். விரல் அதிர்வு மிகக் குறைவு. இரண்டாம் பகுதியின் மெட்டு இங்கே நிறமே இல்லாமல், வெளுத்த குரலில், அருகில் யாரோ மூச்சோடு பேசுவதுபோல் தொடங்குகிறது. பல ஆண்டுகள் மற்ற பதிவுகளைக் கேட்டுத் தேய்ந்த காதுக்கு இது புத்துயிர். பஸ்ஸில் போனில் கேட்பவருக்கு முதல் தணிவிலேயே இசை காணாமல் போய்விடும். முதல் பதிவாக இதை எடுத்தால், ஷூபர்ட் எழுதியது எது, குழு வேண்டுமென்றே உரித்தெடுத்தது எது என்று தெரியாமல் போகும்.

ஆக, ஒன்றே ஒன்று என்றால் டகாச். இரண்டாவதாக ஒன்று என்றால் தயக்கமே இல்லாமல் புஷ். டகாச்சில் உள்குரல்களைப் பழகிய பிறகு புஷ்ஷின் மூட்டத்துக்குள்ளும் அவை கேட்கத் தொடங்கும். இந்த வரிசையை மாற்றினால் அது நடக்காது. மூன்றாவதுக்கு உங்கள் சுபாவம் முடிவு செய்யட்டும்: கூர்மை வேண்டுவோருக்கு ஆல்பன் பெர்க், பிரம்மாண்டம் வேண்டுவோருக்கு பாவெல் ஹாஸ், எல்லாம் கேட்டு அலுத்தவருக்கு கியாரோஸ்குரோ. இத்தாலியர்களை ‘ரோசாமுண்டே’ வழியாகச் சந்தியுங்கள்.

தேடும்போது

செயலியில் தேடுவதில் சில பொறிகள் உண்டு. டகாச் குவார்டெட் இதே படைப்பை முன்பே டெக்காவுக்காக வேறு உறுப்பினர்களோடு பதிவு செய்திருக்கிறது. நான் சொல்வது ஹைபீரியன் பதிவு, ‘ரோசாமுண்டே’வும் சேர்ந்தது. ஹைபீரியன் வெளியீடுகள் 2023 வரை ஸ்ட்ரீமிங்கில் கிடையாது. நிறுவனத்தை யுனிவர்சல் வாங்கிய பிறகுதான் படிப்படியாக வந்தன. பழைய கட்டுரைகளில் ‘சி.டி.யில் மட்டும்’ என்று படித்தால் பொருட்படுத்த வேண்டாம். ஈ.எம்.ஐ.யின் செவ்வியல் பட்டியல், ஹெச்.எம்.வி.யின் பழைய பதிவுகளும் சேர்த்து, வார்னருக்குப் போய்விட்டது. ஆகவே புஷ்ஷையும் ஆல்பன் பெர்க்கையும் வார்னர் பெயரில் தேடுங்கள். பிலிப்ஸின் பழைய பதிவுகள் இப்போது டெக்கா முத்திரையில் வருகின்றன.

இன்னொன்று, பின்னாள் இசையமைப்பாளர் மாலர் இதைப் பெரிய தந்திக் குழுவுக்காக விரித்து எழுதத் தொடங்கினார். அவருடைய குறிப்புகளை வைத்துப் பின்னாளில் முழுமையாக்கிய வடிவமும் அதே பெயரில் வந்து நிற்கும். கேட்கத் தகுந்ததுதான், ஆனால் அது குவார்டெட் அல்ல. குழுவின் பெயரில் ‘சேம்பர் ஆர்க்கெஸ்ட்ரா’ என்று இருந்தால் ஒதுங்கிக்கொள்ளுங்கள். செயலியின் அமைப்புகளில், ஒரு பாட்டு முடியும்முன் அடுத்ததைக் கலக்கும் வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள். இரண்டாம் பகுதி மேஜரில் கரைந்து முடியும் இடத்தின்மேல் அடுத்த பகுதியின் முரட்டுத் தாளம் ஏறி உட்காருவதைவிடக் கொடுமை வேறில்லை.

இதற்குப் பிறகு

அதே அளவுகோலை மற்ற ரொமான்டிக் குவார்டெட்டுகளுக்கும் வைத்துப் பார்க்கலாம். விடை எப்போதும் டகாச் ஆக இருக்காது.

ட்வோர்ஷாக்கின் ‘அமெரிக்கன்’ 1893 ஜூனில், அயோவா மாநிலத்தில் செக் மக்கள் குடியேறிய ஸ்பில்வில் என்ற சிற்றூரில் எழுதப்பட்டது. நியூயார்க் வேலையிலிருந்து விடுமுறையில் வந்தவர், மூன்றே நாளில் வரைவை முடித்துவிட்டார். அவரே வயோலாக்காரர் என்பதால் முதல் மெட்டையே வயோலாவிடம் கொடுத்திருக்கிறார். இங்கே பாவெல் ஹாஸ்தான் என் தேர்வு. ஷூபர்ட்டில் அவர்களிடம் சற்று மிகையாகத் தெரிந்தது இந்த மண்ணுக்கு இயல்பாகப் பொருந்துகிறது. அதே தட்டில் உள்ள 106ஆம் எண் ஜி மேஜர் குவார்டெட் ‘அமெரிக்க’னைவிடப் பெரிய படைப்பு என்பது என் எண்ணம். அந்தத் தட்டு 2011இல் கிராமஃபோன் இதழின் ஆண்டின் சிறந்த பதிவாகத் தேர்வானது. விருதுகளை நம்பாதவனான நானும் அதில் குறை காணவில்லை.

ஸ்மெத்தனாவின் ‘என் வாழ்விலிருந்து’ 1876இல் வந்தது. 1874இலேயே அவருக்குக் காது கேட்காமல் போயிருந்தது. கடைசிப் பகுதியின் கொண்டாட்டத்தின் நடுவே இசை அறுந்து, முதல் வயலினில் ஒரே ஒரு உயர்ந்த ஈ ஸ்வரம் கீச்சிடுகிறது. செவிடாவதற்கு முன் அவர் காதுக்குள் கேட்ட இரைச்சல் அது. இந்த ஒரு ஸ்வரத்தைக் குழு அழகாக வாசித்தால் பதிவைத் தூக்கி வைத்துவிடுங்கள். அது அழகாக இருக்கக் கூடாது. தங்கள் நாட்டுப் படைப்புகளை மனப்பாடமாக வாசித்த ஸ்மெத்தனா குவார்டெட்டின் சுப்ராஃபோன் பதிவுகளில் எதை எடுத்தாலும் தவறாகாது. புதிய ஒலி வேண்டுவோருக்கு இங்கும் பாவெல் ஹாஸ் இருக்கிறது.

மெண்டல்சனின் கடைசி எஃப் மைனர் குவார்டெட்டுக்கு பிரான்ஸின் எபேன் குவார்டெட். 1847 மே மாதம் தமக்கை ஃபான்னி இறந்தார். கோடையில் ஃபீலிக்ஸ் இதை எழுதினார். நவம்பரில் அவரும் போய்விட்டார். எபேன் குழு அதே தட்டில் ஃபான்னி எழுதிய குவார்டெட்டையும் வாசித்திருப்பது வெறும் அலங்காரம் அல்ல. முதலில் ஃபான்னியுடையதைக் கேட்டுவிட்டுத் தம்பியுடையதுக்கு வாருங்கள். ஷூமன் 1842 கோடையில் எழுதிய மூன்றில் முதலாவதும் மூன்றாவதும் ஸெட்மையர் குவார்டெட்டின் இ.சி.எம். பதிவில் உள்ளன, நோட்டுப் புத்தகமே இல்லாமல் வாசிப்பவர்கள், பித்துப் பிடித்த வேகம். போரோடினுக்கு போரோடின் குவார்டெட்டேதான், 1962ஆம் ஆண்டு டெக்கா பதிவு. மூன்றாம் பகுதியில் செல்லோ பாடத் தொடங்கும் இடத்தில் மேற்கொண்டு ஆராய்ச்சி தேவைப்படாது.

பிராம்ஸை மட்டும் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். இருபது குவார்டெட் வரை எழுதிக் கிழித்துப் போட்டுவிட்டு, நாற்பது வயதில் 1873இல்தான் முதல் இரண்டையும் வெளியே விட்ட மனிதர். அவற்றில் நான்கு குரல்களும் ஒன்றையொன்று விடாமல் பின்னிக் கிடக்கின்றன. ஒரு இழையைப் பிடித்துக்கொண்டு போனால் மற்ற மூன்று கைநழுவும். சி மைனருக்குப் பெல்சேயா குவார்டெட்டின் ஆல்ஃபா பதிவை எடுங்கள். ஒரு முறை வயோலாவை மட்டும் பின்தொடர்ந்து கேளுங்கள்.